இன்ஜின் மாற்றம்: பனிமூட்டத்தில் திணறிய ஜிப்ஸியும் நான்கு கருப்பு ஒயர்களும்

இன்ஜின் மாற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எங்கள் கோயம்புத்தூர் ஷெட்டுகளில் ஒரு கருத்து தவறாமல் வந்துவிடும். இறக்குவதும் ஏற்றுவதும்தான் வேலை, மவுண்ட்டும் கியர்பாக்ஸும் சேர்ந்துவிட்டால் முக்கால்வாசி முடிந்த மாதிரி, ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் வந்து ஒரு மத்தியானத்தில் சேர்த்துவிடுவார் என்பார்கள். எனக்கு இது ஒருபோதும் ஒப்பவில்லை. மவுண்ட் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், அதிர்வு ஸ்டீயரிங்கில் தெரியும். ரேடியேட்டர் ஹோஸ் சரியில்லை என்றால் தரையில் தண்ணீர் கிடக்கும். ஒயரிங்கில் இருக்கும் தப்பு அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அந்தத் தப்போடேயே இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத ஐடிலிலும் அணையாமல் நிற்கும், ரோட்டில் நன்றாகவே ஓடும். ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் எல்லோரும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய வேலையில் பாதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. நூற்பாலையில் எலக்ட்ரானிக்ஸ் பராமரிப்பு என் பிழைப்பு. இன்வெர்ட்டர், பி.எல்.சி., சென்சார் என்றே நாள் போகும். மில்லில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: மோட்டாரின் எர்த்தும் சிக்னலின் எர்த்தும் வேறு வேறு வழியாகப் போக வேண்டும், இரண்டையும் ஒரே போல்ட்டில் கட்டினால் அந்தப் பேனல் உன்னைத் தூங்கவிடாது. இந்தப் பாடத்தைக் காரில் பார்க்கும் சந்தர்ப்பம் ஒரு நண்பரின் மாருதி ஜிப்ஸியால் வந்தது.

அவருக்கு வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வேலை. வண்டி கார்புரேட்டர் காலத்து ஜிப்ஸி கிங், ஜி13பிஏ இன்ஜின், எட்டு வால்வு. அதை எடுத்துவிட்டு ஒரு மாருதி எஸ்டீம் காரிலிருந்து வந்த ஜி13பிபி இன்ஜினை, அதாவது பதினாறு வால்வு எம்.பி.எஃப்.ஐ.-யை (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்கில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் ரகம்), வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் 1298 சிசி. பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸியிலேயே இதே இன்ஜின்தான். அதனால் ஜிப்ஸிக்காரர்கள் நடுவே இது புதிய யோசனை இல்லை. எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், ஜிப்ஸியில் நீளவாக்கில் இருக்கும். அதற்கான இரும்பு வேலைகளை மெக்கானிக் மிகச் சுத்தமாக முடித்திருந்தார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆர்.டி.ஓ. அனுமதியையும் ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற்றத்தையும் முதலிலேயே பார்த்துக்கொண்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் அங்கேதான் கை விரிக்கும்.

ஈசியூவுக்கும் வண்டிக்கும் நடுவே

சென்னையில் புதுப்பேட்டை ஆகட்டும், இங்கே உக்கடம் ஆகட்டும், பழைய இன்ஜின் வாங்கும்போது ஒயரிங் பெரும்பாலும் அறுபட்டுத்தான் வருகிறது. இன்ஜினைச் சீக்கிரம் இறக்க வேண்டும் என்ற அவசரத்தில் கத்திரி போட்டுவிடுகிறார்கள். கனெக்டரோடு ஒரு சாண் ஒயர் தொங்கும், மீதியை நாம் ஒட்ட வேண்டும். என்னைக் கேட்டால் இன்னும் சில ஆயிரம் கூடக் கொடுத்தாவது அறுபடாத ஹார்னெஸ் (மொத்த ஒயர் கட்டு), அதே வண்டியின் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி), மெயின் ரிலே, ஃபியூஸ் பெட்டி, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்றை அளவாக விடும் பகுதி) என எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குவேன். ஒட்டுப் போட்ட ஒவ்வொரு இடமும் பின்னால் சந்தேகப்பட வேண்டிய இடம்.

அந்த ஒயர் கட்டைப் பார்த்ததும் மலைப்பு வருவது நியாயம்தான். ஆனால் ஈசியூ கனெக்டரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு பின்னாகப் படித்துக்கொண்டு வந்தால் மலைப்பு அடங்கிவிடும். பெரும்பாலான ஒயர்கள் இன்ஜினிலேயே தொடங்கி ஈசியூவிலேயே முடிகின்றன. இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், ஐடில் வால்வு, மேப் சென்சார், த்ராட்டில் சென்சார், கூலன்ட் சென்சார் எதுவும் வண்டியைத் தொடுவதே இல்லை. வண்டியோடு சேர்க்க வேண்டியவை பத்துப் பன்னிரண்டு ஒயர்கள்தான்: பேட்டரியிலிருந்து எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சாவி போட்டதும் வரும் 12 வோல்ட், ஸ்டார்ட்டர் சிக்னல், பெட்ரோல் பம்ப், வேகம் சொல்லும் சென்சார், மீட்டரில் எரியும் செக் இன்ஜின் விளக்கு, ஏ.சி. இருந்தால் அதற்கானவை, அப்புறம் எர்த்துகள், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்கள். இந்தப் பட்டியலைக் கையில் எழுதி வைத்துக்கொண்டால் வேலையின் அளவு உடனே பிடிபடும்.

சின்னதாகத் தோன்றும் இரண்டு விஷயங்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சர்வீஸ் மேனுவலில் கனெக்டரின் படம் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரையப்பட்டது என்பது ஒன்று. ஒயர் நுழையும் பக்கமா, பின் தெரியும் பக்கமா? மாற்றிப் படித்தால் இடது வலது முழுதும் புரண்டுவிடும், இன்ஜெக்டர் பின் என்று நினைத்து வேறெதையோ தொடுவோம். இன்னொன்று, சாவி போட்டதும் வரும் 12 வோல்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பது. ரேடியோவுக்குப் போகும் லைனில் சாவி போட்டால் கரண்ட் வரும், ஆனால் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும்போது அது செத்துவிடும். ஈசியூவை அதில் சேர்த்தால் கிராங்க் ஆகும், அதாவது ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. சாவியை விடும் நொடியில் ஒரு துடிப்பு மட்டும் கேட்கும். கிராங்க் ஆகும்போதும் 12 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே அந்த ஒயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சுஸுகி கார்களில் கருப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர் பெரும்பாலும் சாவி போட்டதும் கரண்ட் வரும் ஒயர். கருப்புதானே என்று அதை எர்த்தில் கட்டினால் ஃபியூஸோடு போகும் என்றால் அதிர்ஷ்டம்.

டெஸ்ட் லேம்ப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய வண்டிகளுக்கு அது அருமையான கருவி. ஆனால் உள்ளே பல்பு இருக்கிற டெஸ்ட் லேம்ப்பை ஈசியூவின் பின்னில் வைப்பது கூடாது. இன்ஜெக்டருக்கு ஒரு பக்கம் எப்போதும் 12 வோல்ட் நிற்கும், ஈசியூ மறுபக்கத்தை எர்த்துக்கு இழுத்துத்தான் அதைத் திறக்கிறது. அந்த இழுக்கும் டிரான்சிஸ்டர் பல்பு இழுக்கும் கரண்ட்டைத் தாங்குமா என்று நமக்குத் தெரியாது. நேரடியாக 12 வோல்ட்டை அங்கே கொடுத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அப்படிப் போன ஈசியூக்கள் எத்தனையோ.

கவர்க்கல் பனி

நண்பரின் வண்டிக்கு வருவோம். பகலில் பொள்ளாச்சி ரோட்டில் ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் நன்றாக ஏறும். மேலே கவர்க்கல் பக்கம் பனி இறங்கியதும் வண்டி திணற ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு தயக்கம், பின்னால் கருப்புப் புகை, உள்ளே பெட்ரோல் வாடை. செக் இன்ஜின் விளக்கு எரியாது. உயரம்தான் காரணம் என்று முதலில் சொன்னார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருந்தும், மேலே காற்று மெலிய மெலியக் கலவை தடித்துவிடும், அதாவது காற்றுக்குப் பொருந்தாமல் பெட்ரோல் கூடிவிடும். ஆனால் இந்த இன்ஜினில் மேப் சென்சார் இருக்கிறது. உறிஞ்சும் பாதையின் முழு அழுத்தத்தை அளந்துதான் ஈசியூ பெட்ரோலைத் தீர்மானிக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேலே போனால் அழுத்தம் குறைவதும் அந்தக் கணக்கில் தானாக வந்துவிடும். அப்புறம் பிளக் மாற்றினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள், மேப் சென்சார் மாற்றினார்கள், இன்னொரு எஸ்டீம் ஈசியூவையும் வைத்துப் பார்த்தார்கள். பணம் போனதுதான் மிச்சம்.

கோவையிலும் ஒரு ராத்திரி இதே திணறல் வந்தது என்று நண்பர் பேச்சுவாக்கில் சொன்னதுதான் திருப்பம். மலையும் இல்லை, பனியும் இல்லை. அப்படியானால் கவர்க்கலுக்கும் கோவை ராத்திரிக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? ஹெட்லைட். மேலே பனியில் பட்டப்பகலிலும் ஹெட்லைட்டும் வைப்பரும் கண்ணாடிக்குக் காற்றடிக்கும் புளோயரும் ஓடும். ஷெட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அந்த மூன்றையும் போடச் சொன்னேன். ஐடில் உடனே தடுமாறியது. ஒவ்வொன்றாக அணைக்க அணைக்க சரியாகிக்கொண்டே வந்தது.

ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணனும் அங்கே இருந்தார். முப்பது வருஷத் தொழில், லாரி, பஸ், அம்பாசடர் எல்லாம் பார்த்த கை. த்ராட்டில் சென்சார், மேப், கூலன்ட், உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஆகிய நான்கு சென்சார்களின் கருப்பு எர்த் ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, லக் (வளைய முனை) அடித்து, பேட்டரிக்குப் பக்கத்தில் பாடியில் போல்ட் போட்டிருந்தார். வேலை பார்க்க அழகாகவே இருந்தது. “தம்பி, எர்த்துதானுங்க? பாடில போட்டா என்ன, இன்ஜின்ல போட்டா என்ன, எல்லாம் பேட்டரி நெகட்டிவுக்குத்தானுங்க போகுது” என்றார். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் தொட்டுக் காட்டினார். பீப் அடித்தது.

“அண்ணா, லைட்டப் போட்டுட்டு வோல்ட்ல வெச்சுப் பாக்கலாங்களா?” என்றேன். மீட்டரின் கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே, சிவப்பு முனை அந்த நான்கு ஒயர் போல்ட்டில். எல்லாம் அணைந்திருந்தபோது பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் போட்டதும் 0.3 வோல்ட்டைத் தாண்டி நின்றது. ஈசியூவின் சொந்த எர்த் இன்ஜின் பிளாக்கில் இருந்தது, அது கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே இருந்தது. அதாவது சென்சார்கள் பூஜ்யம் என்று நினைத்த இடம், ஈசியூவின் பூஜ்யத்தைவிட 0.3 வோல்ட் மேலே மிதந்துகொண்டிருந்தது. பலகை மேல் நிற்பவரின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டேப்பிலும் தப்பில்லை, ஆளிடமும் தப்பில்லை, அளவு மட்டும் தப்பு. அதுதான் இங்கே நடந்தது.

இதில் என்னை அசரவைத்தது, தப்பு விழுந்த திசை. த்ராட்டில் மூடியிருக்கும்போது 0.5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டிய சிக்னல் 0.8 பக்கம் போகிறது. யாரோ ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்திருக்கிறார் என்று ஈசியூ நினைக்கும், ஐடில் கட்டுப்பாட்டை விட்டுவிடும். மேப் சிக்னல் ஏறினால் இன்ஜின் மேல் பாரம் கூடியிருக்கிறது என்று அர்த்தம், அதற்கும் பெட்ரோல் கூடும். கூலன்ட் சென்சார் சூடாகச் சூடாக மின்தடை குறையும் ரகம். 20 டிகிரியில் சுமார் இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். ஆகவே அதன் வோல்ட்டேஜ் ஏறினால் இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று பொருள், இன்னும் பெட்ரோல். மூன்றும் தனித்தனியாகத் தப்புச் சொன்னால்கூட ஒன்றையொன்று ஈடுகட்ட வாய்ப்பு உண்டு. இங்கே மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம், கலவையைத் தடிமனாக்கும் பக்கம் தள்ளின. சமதளத்தில் சீராக ஓடும்போது ஆக்ஸிஜன் சென்சாரை வைத்து ஈசியூ ஓரளவு திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. அந்தத் திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு, ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் திருத்தமே நின்றுவிடும். அதனால்தான் கவர்க்கலில் புகை.

விளக்கு ஏன் எரியவில்லை என்பதும் இப்போது புரியும். ஒயர் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் போகும் அல்லது பூஜ்யத்துக்கு விழும், ஈசியூ அதைக் குறை என்று பதிவு செய்யும். 0.8 வோல்ட் என்பது நடக்கக்கூடிய அளவுதான். அது உண்மையா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஈசியூவுக்கு எந்த வழியும் கிடையாது. ஆகவே விளக்கு எரியாததை வைத்து ஒயரிங் சரி என்று முடிவு கட்டக் கூடாது.

அந்த 0.3 வோல்ட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தோம். பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த கேபிள் இன்ஜினுக்கு, ஒரு சின்ன பட்டை பாடிக்கு. இன்ஜின் மாற்றத்தோடு பாடிக்குப் புது பெயின்ட்டும் அடித்திருந்தார்கள். பட்டையின் போல்ட் அந்தப் பெயின்ட் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஹெட்லைட்டின் கரண்ட் எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். மூன்றும் சேர்ந்து பதினைந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், 0.02 ஓம் தடையே 0.3 வோல்ட்டைக் கொடுத்துவிடும். 0.02 ஓமுக்குச் சாதாரண மீட்டர் பீப் அடிக்கத்தான் செய்யும். எர்த்தைச் சோதிக்க ஓம் அளவு போதாது, கரண்ட் ஓடும்போது வோல்ட் அளக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கிராங்க் செய்யும்போதும், எல்லா விளக்கும் எரியும்போதும் ஈசியூவின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.1 வோல்ட்டைத் தாண்டினால் நான் விடமாட்டேன்.

பட்டைக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முறுக்கியதும் திணறல் பெரிதும் குறைந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிடலாம் என்று ஷெட்டில் ஒரு பேச்சு எழுந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அந்த போல்ட் துருப்பிடித்தால் மறுபடி இதே கதை. மேனுவலின் ஒயரிங் படத்தைப் பார்த்து, நான்கு ஒயர்களையும் பாடியிலிருந்து கழற்றி, ஈசியூவில் அவற்றுக்கென்றே இருக்கும் சென்சார் எர்த் பின்னுக்குக் கொண்டுபோனோம். அந்தப் பின் ஈசியூவின் உள்ளேயே அதன் பூஜ்யத்தோடு சேர்ந்திருக்கிறது. பாடி எவ்வளவு மிதந்தாலும் சென்சாரும் ஈசியூவும் ஒரே பூஜ்யத்தைப் பார்க்கும். சோதிப்பதற்காக பாடிப் பட்டையை லேசாகத் தளர்த்திவிட்டு மறுபடி எல்லா விளக்கையும் போட்டோம். ஹெட்லைட் மங்கியது, ஐடில் அசையவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் குனிந்து அந்த ஐடிலையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அந்தப் படத்த எனக்கு ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க தம்பி” என்றார். அவர் கேட்டது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவருடைய கைக்கு இருக்கும் சுத்தம் எனக்கு வராது. கிரிம்ப்பும் ஹீட் ஷ்ரிங்க்கும் அவர் போட்ட ஒட்டுகள் தொழிற்சாலை வேலை மாதிரி இருக்கும். அவர் தொழில் கற்ற காலத்து வண்டிகளில் எர்த் எங்கே போட்டாலும் ஒன்றுதான் என்பது உண்மையாகவே இருந்தது.

பம்ப் ரிலே

அதே வண்டியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதை நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜினோடு சேர்ந்த மெக்கானிக்கல் பம்ப் போதும். எம்.பி.எஃப்.ஐ.-க்கு மின்சார பம்ப் வேண்டும், லைனில் இரண்டரை முதல் மூன்று பார் அழுத்தம் நிற்கும். இந்த பம்ப்பின் ரிலேயை, அதாவது அதற்குக் கரண்ட் விடும் மின் சுவிட்சை, ஈசியூதான் கட்டுப்படுத்த வேண்டும். சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி ஓடி அழுத்தம் ஏற்றும், பிறகு நிற்கும். இன்ஜின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் தொடர்ந்து ஓடும். இந்த வண்டியில் பம்ப்பை நேராகச் சாவி லைனில் போட்டிருந்தார்கள். பல ஷெட்டுகளில் இதுதான் வழக்கம், ஒரு ஒயர் மிச்சம் என்பதற்காக. வண்டி கவிழ்ந்து, இன்ஜின் நின்று, பெட்ரோல் லைன் கிழிந்திருக்கும்போதும் சாவி ஆன் ஆகவே இருக்கும். பம்ப் மூன்று பார் அழுத்தத்தில் சூடான சைலன்ஸர் மேல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மலை ரோட்டில் ஓடும் வண்டியில் இப்படிச் செய்யவே கூடாது. அன்றே மாற்றினோம், தனி ஃபியூஸும் போட்டோம்.

ஜிப்ஸியைப் பார்த்துவிட்டு இன்னொருவர் மாருதியின் பிற்காலத்து கே சீரிஸ் இன்ஜின் வைக்க வேண்டும் என்று வந்திருக்கிறார். அது வேறு ஆட்டம். சாவியில் இருக்கும் சிப்பை, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்ஜின் ஓடாது. த்ராட்டிலுக்குக் கேபிள் கிடையாத மாடலாக இருந்தால் பெடலிலேயே இரண்டு சென்சார், த்ராட்டில் பாடியில் இரண்டு, பெடலும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும். வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் கேன் (CAN) என்ற பொதுத் தகவல் லைனில் பேசிக்கொள்ளும். முறுக்கிய இரண்டு ஒயர், இரு முனையிலும் 120 ஓம், ஸ்கேனர் செருகும் ஓ.பி.டி. சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே பேட்டரி கழற்றிய நிலையில் 60 ஓம் வர வேண்டும், 120 வந்தால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. இதெல்லாம் வேண்டாம், ஸ்பீடுயினோவோ மெகாஸ்குவர்ட்டோ (நாமே அமைத்துக்கொள்ளும் தனி ஈசியூக்கள்) வைத்துவிடலாமே என்று கேட்டார். வைக்கலாம். இம்மொபிலைசர் தொல்லை போகும், ஆனால் சென்சார் எர்த்தும், இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஷீல்டை (ஒயரைச் சுற்றிய உலோக உறையை) ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வதும், பம்ப் ரிலேயும் அதிலும் அப்படியே இருக்கும். அதோடு பெட்ரோல் கணக்கு முழுதையும் நாமே எழுத வேண்டும். அவரை முதலில் சாவி, இம்மொபிலைசர் பெட்டி, பெடல், மீட்டர், முழு ஹார்னெஸ் எல்லாம் சேர்ந்து கிடைக்கும் வண்டியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது கிடைத்ததும் மேனுவலில் இருந்து ஈசியூ பின் அட்டவணையை எடுத்துத் தமிழில் எழுதப் போகிறோம். எலக்ட்ரீஷியன் அண்ணனும் உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.